கமோடை எவ்வளவு தூரம் நகர்த்தலாம்?

கேள்வி: சென்னை நங்கநல்லூரில் 1990-களில் கட்டிய அடுக்குமாடியில் இரண்டாவது மாடி எங்களுடையது. பெரிய படுக்கையறையை ஒட்டிய குளியலறை 9 அடிக்கு 5 அடி. ஒரு 5 அடிச் சுவரில் கதவு, எதிர்ச் சுவரில் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே டக்ட், அதாவது குழாய்கள் இறங்கும் சந்து. ஜன்னலுக்குக் கீழே கமோடு, நடுவில் வாஷ்பேசின், கதவைத் திறந்ததும் குளிக்கும் இடம். யார் குளித்தாலும் தரை முழுக்க ஈரம். 74 வயது மாமியாரும் இதைத்தான் பயன்படுத்துகிறார். கமோடைக் கதவருகே மாற்றிவிட்டு, ஜன்னல் பக்கம் பாத்டப்பும் கண்ணாடி அறையும் வைக்கலாம் என்கிறார் இன்டீரியர் வேலை செய்பவர். செய்யலாமா?

பதில்: ஈரத்தை ஜன்னல் பக்கம் தள்ள வேண்டும் என்று அவர் சொல்வது சரி. இப்போது உங்கள் மாமியார் இரவில் எழுந்து போனால் ஈரத்தைத் தாண்டித்தான் கமோடுக்குப் போக வேண்டும். அது கட்டாயம் மாற வேண்டும். ஆனால் கமோடைக் கதவு வரை கொண்டுவர வேண்டாம், நடுவில் நிறுத்துங்கள்.

காரணம் தரைக்குக் கீழே இருக்கிறது. கமோடிலிருந்து போகும் 4 அங்குலக் குழாய் டக்டில் இருக்கும் பெரிய குழாயில் ஏற்கெனவே உள்ள இணைப்பில்தான் சேர வேண்டும். அந்த இணைப்பின் உயரத்தை நாம் மாற்ற முடியாது. அங்கிருந்து பின்னோக்கி, 40 அங்குலத்துக்கு ஓர் அங்குலம் என்று வாட்டம், அதாவது சரிவு, ஏறிக்கொண்டே வரும். கமோடைக் கதவருகே வைத்தால் குழாய் ஏழரை அடி, வாட்டத்துக்கு மட்டும் இரண்டேகால் அங்குலம் வேண்டும். நடுவில் வைத்தால் ஐந்தடிக்குள், ஒன்றரை அங்குலம் போதும். முக்கால் அங்குலம்தானே வித்தியாசம் என்று தோன்றும். பழைய கட்டடத்தில் அந்த முக்கால் அங்குலம் இல்லாமல்தான் குளியலறைத் தரையைப் படுக்கையறையை விட உயர்த்திவிடுவார்கள். அப்புறம் மாமியாருக்கு வாசலிலேயே ஒரு படி வந்துவிடும். இன்னொன்று, இப்போது வரும் கமோடுகள் ஒரு ஃப்ளஷுக்கு 3 அல்லது 6 லிட்டர் தண்ணீரே விடுகின்றன. குழாய் குட்டையாக இருந்தால் அந்தத் தண்ணீரே எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும்.

எனவே டைல்ஸ் கடைக்குப் போவதற்கு முன், குளிக்கும் இடத்தில் ஒரு ஓரமாக இரண்டு டைல்ஸை உடைத்துப் பாருங்கள். குளியலறை ஸ்லாபை மற்ற அறைகளை விட ஓர் அடி தாழ்த்திப் போட்டு, செங்கல் உடைசலால் நிரப்பி மேலே தரை போட்டிருப்பார்கள். பள்ளம் எவ்வளவு என்று அளந்துவிட்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும். தாழ்த்தாத ஸ்லாபாக இருந்தால் குழாய் கீழ் வீட்டு மேற்கூரையில் தொங்கும். அப்போது அவர்கள் சம்மதம் இல்லாமல் எதையும் நகர்த்த முடியாது, கமோடு இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். எப்படியும் ஒரு முறை கீழ் வீட்டுக்குப் போய் அவர்கள் குளியலறை மேற்கூரையைப் பார்த்துவிட்டு வாருங்கள். அங்கே ஏற்கெனவே கசிவு இருந்தால் வேலைக்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

பள்ளம் போதுமானதாக இருந்தால் என் யோசனை இது. கதவைத் திறந்ததும் வாஷ்பேசினுக்கு இரண்டரை அடி. அடுத்து கமோடுக்கு இரண்டரை அடி, அதாவது கமோடின் நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 15 அங்குலம். கடைசியில் ஜன்னல் பக்கம் குளிக்க மூன்றரை அடி. மொத்தம் எட்டரை அடி ஆகிறது, மீதி அரை அடி சுவர்ப் பூச்சுக்கும் டைல்ஸுக்கும் கண்ணாடிக்கும் போய்விடும். வாஷ்பேசினும் கமோடும் ஒரே நீளச் சுவரில் இருக்கட்டும். கமோடு சுவரிலிருந்து 27 அங்குலம் நீட்டினாலும் எதிரே இரண்டரை அடி நடைபாதை கிடைக்கும். ஒரு கை பிடித்து அழைத்துப் போகவும் அது போதும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே யாராவது விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர்கள் உடம்பே அடைத்துக்கொள்ளும்.

தரை வாட்டம் முழுவதும் கதவிலிருந்து ஜன்னலை நோக்கிப் போகட்டும். நானி ட்ராப், அதாவது தரைத் தண்ணீர் போகும் துளைக்கு அடியில் வைக்கும் கிண்ணம், ஜன்னல் மூலையில் வர வேண்டும். வாஷ்பேசின் தண்ணீரையும் அதே ட்ராப்பில் விடச் சொல்லுங்கள். ட்ராப்பில் தண்ணீர் எப்போதும் நின்றால்தான் நாற்றமும் கரப்பான் பூச்சியும் மேலே வராது. டக்டில் கழிவுக்கு ஒன்று, குளித்த தண்ணீருக்கு ஒன்று என இரண்டு குழாய்கள் இருந்தால், கமோடு இணைப்பைத் தவறியும் குளியல் குழாயில் சேர்க்க விடாதீர்கள்.

பாத்டப் வேண்டாம் என்றே சொல்வேன். ஒரு முறை நிரப்ப 150 லிட்டருக்கு மேல் ஆகும். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற ஊர் இது. தண்ணீர் இருந்தாலும், வழுவழுப்பான அந்த விளிம்பைத் தாண்டிக் காலை உள்ளே வைக்க 74 வயதில் யாரையும் சொல்லக் கூடாது. நம் வீடுகளில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள் என்று ஒன்று உண்டு, அன்று எந்தத் தரையும் வழுக்கும். குளிக்கும் இடத்துக்குச் சொரசொரப்பான ஆன்ட்டி ஸ்கிட் டைல்ஸ், சுவரில் தரையிலிருந்து 34 அங்குல உயரத்தில் ஒரு கைப்பிடி, உட்கார்ந்து குளிக்க ஒரு ஸ்டூலுக்கு இடம், இவை மூன்றும் பாத்டப்பை விடப் பல மடங்கு பயன் தரும். கைப்பிடிக்கான இடத்தில் சுவர் உறுதியாக இருக்கிறதா என்று பூச்சுக்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கமோடு பக்கத்திலும் ஒன்று வேண்டும்.

முழுக் கண்ணாடி அறையும் தேவையில்லை. போர் தண்ணீர் பட்டால் சில வாரங்களிலேயே கண்ணாடியில் உப்புப் படிந்து வெள்ளை பூத்துவிடும், தினமும் துடைக்க வேண்டியிருக்கும். கமோடு இருக்கும் பக்கம் 2 அடி அகலத்துக்கு ஒரு நிலையான டஃபன்ட் கண்ணாடி போதும், மீதி 3 அடி திறந்தே இருக்கட்டும். நடுவில் மேடு கட்டாமல் குளிக்கும் பக்கத்தை அரை அங்குலம் மட்டும் தாழ்த்தினால் தண்ணீர் இந்தப் பக்கம் வராது. ஷவர் வைத்தாலும் பக்கெட்டுக்கு ஒரு குழாய் அவசியம் வையுங்கள். தரையிலிருந்து 2 அடி உயரத்தில் இருந்தால் பக்கெட் சிரமமில்லாமல் கீழே நுழையும்.

கீசரைக் குளிப்பவர் தலைக்கு நேர் மேலே மாட்டாதீர்கள். தனி ஒயர், 16 ஆம்ப் பாயின்ட், மின்கசிவு இருந்தால் மின்சாரத்தை உடனே நிறுத்தும் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி., சுவிட்ச் குளியலறைக்கு வெளியே. எக்ஸாஸ்ட் ஃபேன் ஜன்னலிலேயே வரட்டும். கதவுக்குக் கீழே அரை அங்குல இடைவெளி விட்டால்தான் அது காற்றை இழுக்கும்.

வேலை தொடங்குவதற்கு முன் மொட்டை மாடியில் 9 அடிக்கு 5 அடி சாக்பீஸால் கோடு போட்டு, கமோடு இடத்தில் ஒரு நாற்காலியும் குளிக்கும் இடத்தில் ஒரு பக்கெட்டும் வைத்து மாமியாரை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். கைப்பிடி எங்கே வேண்டும் என்று அவரே காட்டுவார், அதை அளந்து கொத்தனாரிடம் கொடுங்கள்.

கடைசியாக, வாட்டர் ப்ரூஃபிங் முடிந்ததும் ட்ராப்பை அடைத்துத் தண்ணீர் நிரப்பி முழுதாக 48 மணி நேரம் விடுங்கள். ஓர் இரவு போதும் என்று கொத்தனார் சொல்வார், ஒப்புக்கொள்ள வேண்டாம். 48 மணி நேரமும் முடிந்ததும் கீழ் வீட்டு மேற்கூரையைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் டைல்ஸ் ஒட்டச் சொல்லுங்கள்.