உதட்டைப் பிடித்தால் குதிரை அடங்குவது ஏன்?
குதிரையின் மேலுதட்டைக் கயிற்று வளையத்தால் இறுக்கிப் பிடித்தால் அது அடங்கி நிற்பது வலியினாலா என்று கேட்டிருந்தீர்கள். வலி கவனத்தைத் திருப்புகிறது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் 1984-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், அவ்வாறு பிடிக்கப்பட்ட குதிரைகளின் இரத்தத்தில், உடலே சுரக்கும் வலிநிவாரணியான பீட்டா-எண்டார்ஃபின் உயர்ந்ததும், அதன் செயலைத் தடுக்கும் நலோக்சோன் மருந்தைச் செலுத்தியபோது பிடியின் பலன் குறைந்ததும் தெரியவந்தன. இவற்றுள் இரண்டாவது சான்றே வலுவானது என்பேன். அச்சத்தாலும் எண்டார்ஃபின் உயரக்கூடும் அல்லவா? 2017-இல் வெளியான மற்றோர் ஆய்வின்படி, உதட்டுப் பிடியால் முதலில் குறையும் இதயத் துடிப்பு, பிடி ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் ஏறத் தொடங்குகிறது. காதை முறுக்கிப் பிடிப்பதோ வேறு கதை. அங்கே தொடக்கத்திலிருந்தே மன அழுத்தக் குறிகள்தாம் கூடுகின்றன.