600020-க்கு 12 காரணிகளா, 24-ஆ?

அடையாறு பின்கோடு 600020-க்குக் கையால் போட்டால் 12 காரணிகள், பைத்தான் நிரலில் 24 வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். நிரல் சொல்வதுதான் சரி. 2² × 5 × 30001 வரை நீங்கள் போட்டது சரியே. 30001-ஐப் பகா எண் என்று எடுத்துக்கொண்டதில்தான் தவறு. 13 வரை வகுத்துப் பார்த்து நிறுத்திவிட்டீர்கள். அதன் வர்க்கமூலம் சுமார் 173.2, அதனால் 173 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தாக வேண்டும். 17-க்கு அடுத்த 19-லேயே வகுபட்டுவிடுகிறது: 19 × 1579. இந்த 1579-க்கு 37 வரை பார்த்தால் போதும், எதிலும் வகுபடாது, பகா எண்தான்.

ஆக 600020 = 2² × 5 × 19 × 1579. அடுக்குகளோடு ஒன்று கூட்டிப் பெருக்குங்கள்: 3 × 2 × 2 × 2 = 24.

காரணிகளின் கூடுதல் (1+2+4) × (1+5) × (1+19) × (1+1579) = 7 × 6 × 20 × 1580 = 13,27,200. எண்ணையே கழித்தால் 7,27,180. அது 6,00,020-ஐ விடப் பெரிது, எனவே மிகை எண் (தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூடுதல் தன்னைவிடப் பெரிதாக உள்ள எண்). உங்கள் தவறான கணக்கிலும் 'மிகை எண்' என்றே வந்ததற்குக் காரணம் உண்டு, அழகான காரணம்: 20 ஒரு மிகை எண் (1+2+4+5+10 = 22). மிகை எண்ணின் மடங்கு எல்லாமே மிகை எண். வகைப்பாடு மட்டும் போதுமென்றால் 30001-ஐத் தொடவே வேண்டாம்.

இரு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியுமா என்ற கேள்விக்கு: முடியாது. 4-ஆல் வகுத்தால் மீதி 3 வரும் பகாக் காரணி ஒவ்வொன்றின் அடுக்கும் இரட்டைப்படையாக இருந்தால்தான் முடியும். 19-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 3, அதன் அடுக்கோ ஒற்றைப்படை.