மூன்று மாதம் மூடிக்கிடந்த லேப்டாப்

கேள்வி: நான் கோத்தகிரியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். மருமகளின் பிரசவத்துக்காக அக்டோபரில் சென்னை போனவள், ஜனவரியில்தான் திரும்பினேன். லேப்டாப்பை மர அலமாரியில் துணிகளுக்கு நடுவே பத்திரமாக வைத்துவிட்டுப் போயிருந்தேன். இப்போது எடுத்தால் ஆன் ஆகவில்லை. சார்ஜரைச் செருகினால் சின்ன லைட் எரிகிறது, அவ்வளவுதான். அலுமினிய மேல்மூடியைத் தொட்டால் விரலில் சுர்ரென்கிறது. ஈரம் ஏறியிருக்கும், அரிசி டப்பாவில் இரண்டு நாள் போட்டு வையுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். ஹீட்டர் முன்னால் வைத்தால் போதும் என்கிறான் மகன். எது சரி? உள்ளே இருக்கும் வினாத்தாள்கள் போய்விடுமா? இன்னொன்று, டச்பேட் கொஞ்சம் மேடு தட்டினாற்போல் இருக்கிறது, மூடியும் முன்பு போல் சரியாக உட்காரவில்லை. வாங்கி நான்கு வருடம் ஆகிறது.

பதில்: டீச்சர், 'இன்னொன்று' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்துதான் நான் தொடங்க வேண்டும். முதலில் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். பவர் பட்டனை இனி அழுத்த வேண்டாம். டச்பேட் மேடு தட்டுவதும் மூடி உட்காராமல் போவதும் ஈரத்தின் வேலை இல்லை. இன்றைய லேப்டாப்புகளில் டச்பேடுக்கு அடியில்தான் பேட்டரி இருக்கும். அது உப்பியிருக்கிறது.

சந்தேகமாக இருந்தால், லேப்டாப்பை மூடிக் கடப்பைக் கல் மேடை மாதிரி சமதளமான ஓரிடத்தில் வையுங்கள். ஒரு மூலையை லேசாகத் தொட்டால் தொட்டில் போல ஆடுகிறதா? நடுவயிற்றில் ஊன்றிக்கொண்டு பம்பரமாகச் சுற்ற வருகிறதா? ஆம் என்றால் அடிப்பலகையை உள்ளிருந்து ஏதோ தள்ளுகிறது என்று அர்த்தம். வேறெதுவும் அப்படித் தள்ளாது.

உள்ளே இருப்பது லித்தியம் செல். மெல்லிய தகடு போன்ற உறைக்குள் ரசாயனத் திரவம். வயதாக ஆக அந்தத் திரவம் சிதைந்து வாயுவாகிறது, வெளியேற வழியில்லாததால் உறை அப்பளம் போல எழும்புகிறது. இதை வேகப்படுத்துபவை இரண்டு: சூடு, எந்நேரமும் நூறு சதவீத சார்ஜில் இருப்பது. டியூஷன் எடுப்பவர்கள் காலையில் செருகிய சார்ஜரை இரவில்தான் கழற்றுவார்கள். நான்கு வருடம் அப்படி ஓடியிருந்தால் உங்கள் பேட்டரி மேல் தப்பே இல்லை.

உப்பிய பேட்டரியை அழுத்திச் சமன்செய்யப் பார்ப்பது, மேலே கனமான புத்தகம் வைப்பது, யூட்யூப் பார்த்து ஸ்க்ரூ கழற்றுவது, ஊசியால் குத்திக் காற்றை விடுவது, இவை எதுவும் வேண்டாம். கடைசியாகச் சொன்னதை ஒருவர் உண்மையாகவே செய்யப் பார்த்தார், அதனால்தான் எழுதுகிறேன். உறை கிழிந்தால் தீப்பிடிக்கும். கடைக்குக் கொண்டுபோகும்வரை மெத்தை, திரைச்சீலை பக்கம் வைக்காமல் சிமெண்ட் தரையிலோ டைல்ஸ் மேலோ தனியாக வையுங்கள். கூரியரில் அனுப்பாதீர்கள். எடுத்துப்போகும்போது மற்ற சாமான்களோடு பையில் திணிக்காமல், நசுங்காதபடி தனியாக எடுத்துப்போங்கள். இடையில் சூடாகிறது, இனிப்பான கெமிக்கல் வாடை வருகிறது, உஸ் என்று சத்தம் கேட்கிறது என்றால் லேப்டாப்பைக் காப்பாற்ற நினைக்க வேண்டாம். ஆட்களோடு அறையைவிட்டு வெளியே வந்து 101-க்குப் போன் செய்யுங்கள்.

கடையில் அடிப்பலகையைத் திறந்து பேட்டரியை எடுப்பது சின்ன வேலைதான். எடுத்த பிறகு பல மாடல்கள் சார்ஜரில் நேரடியாகவே ஓடும். அப்படி ஓடவிட்டுப் பார்த்தால் மதர்போர்டு நலமா இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும். அதைப் பார்க்காமலேயே "போர்டு போச்சு, மாத்தணும்" என்று யாராவது சொன்னால், வேறு கடை பாருங்கள். என் அனுபவத்தில் இந்த மாதிரி வருபவற்றில் பெரும்பாலானவை பேட்டரியை எடுத்ததும் உயிர்பெற்றுவிடும், தேதியும் நேரமும் மட்டும் எங்கேயோ பழைய வருடத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். அது மதர்போர்டில் இருக்கும் பொத்தான் செல் தீர்ந்ததால் வருவது, மாற்றினால் சரி.

வினாத்தாள்களைப் பற்றிக் கவலை வேண்டாம். அவை இருப்பது ஹார்ட் டிஸ்க்கிலோ எஸ்எஸ்டியிலோ, பேட்டரியில் இல்லை. ஒருவேளை லேப்டாப்பே எழுந்திருக்காவிட்டாலும் பெரும்பாலான மாடல்களில் அந்த டிஸ்க்கைத் தனியே எடுத்து வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் படிக்கலாம். கடைக்காரரிடம் முதல் வார்த்தையாக "ஃபார்மட் பண்ணிடாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். விண்டோஸ் 11 என்றால் டிஸ்க் பிட்லாக்கர் பூட்டில் இருக்க வாய்ப்புண்டு. அதற்கான 48 இலக்க மீட்புச் சாவி பொதுவாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். மகனை போனில் அதைத் தேடி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஹீட்டர் யோசனை சொன்னதற்கு அவருக்கும் ஒரு வேலை இருக்கட்டும்.

சரி, அரிசிக்கு வருவோம். டீ கொட்டிய ஒரு லேப்டாப்பை இப்படி அரிசியில் மூன்று நாள் புதைத்துவைத்து என்னிடம் கொண்டுவந்தார்கள். திறந்தால் யூஎஸ்பி ஓட்டையில் ஒரு அரிசி, ஃபேன் இறக்கைக்கு நடுவே இரண்டு, தாமிரக் குழாய்மேல் டீயும் மாவும் குழைந்து காய்ந்த பசை. சின்ன இடுக்கியை வைத்து ஒவ்வொன்றாக எடுத்தேன். மூடிய பெட்டிக்குள் இருக்கும் ஈரத்தை அரிசி இழுப்பதில்லை. போதாக்குறைக்கு நம்மூர் மழைக்காலத்தில் அரிசியே ஈரத்தை இழுத்துக்கொண்டுதான் டப்பாவில் கிடக்கிறது. எதுவாவது கொட்டினால், பட்டனை அழுத்திப்பிடித்து உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றி, கூடாரம்போலக் கவிழ்த்து வைத்து, அன்றே கடைக்குக் கொண்டுபோங்கள். கொட்டியது பாலும் சர்க்கரையும் போட்ட டீ என்றால் காயவைப்பதில் பயனில்லை. தண்ணீர் ஆவியாகும், சர்க்கரை ஆவியாகாது. திறந்து ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் கழுவ வேண்டும்.

ஹீட்டரும் வேண்டாம். திரையின் உள்ளடுக்குகள், பசைகள், பேட்டரி எதுவும் அந்தச் சூட்டுக்கு ஏற்றவை இல்லை. கரிக் கணப்பு முன் வைப்பவர்களும் உண்டு. மூடிய அறையில் கரி மூட்டுவது லேப்டாப்பை விடுங்கள், ஆளுக்கே எமன்.

மழைக்காலத்தில் உங்கள் வீட்டில் எவ்வளவு ஈரம் என்று தெரிய மீட்டர் வாங்க வேண்டியதில்லை. அடுக்களையில் உப்பு ஜாடியைப் பாருங்கள். உப்பு கசிந்து அடியில் நீர் தேங்கியிருந்தால் காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. கோத்தகிரி, குன்னூர் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையில் பல வீடுகளில் இதே நிலைதான். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு இந்தக் கதை ஜூனிலேயே தொடங்கிவிடும். ஆனால் அந்த ஈரத்தில்கூட தினமும் ஓடுகிற லேப்டாப்புக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஓடும்போது எழும் சூடே உள்ளே ஈரம் தங்க விடாது. மலையில் நான் பார்க்கும் பழுதுகளில் நிறைய, சும்மா கிடந்ததால் வந்தவை. நினைவகச் சில்லின் பொன்னிற முனைகளில் மங்கல் ஏறும், கீபோர்டின் உள் தடங்கள் அரிக்கும், திரை ஓரத்தில் பூசணம் பூக்கும். அதிலும் மர அலமாரி, கம்பளிகளுக்கு நடுவே என்றால் ஈரத்துக்கு நாமே மெத்தை போட்டுக் கொடுத்தது மாதிரி.

ஈரக்காற்றை விடவும் மோசமானது நீர் கோப்பது. குளிர்ந்த பொருள் மேல் வெதுவெதுப்பான ஈரக்காற்று பட்டால் நீர் முத்து முத்தாகக் கோத்துக்கொள்ளும், குளிர்ந்த எவர்சில்வர் சொம்பில் வருமே, அது. மலைக்கு ஏறும்போதுதான் லேப்டாப்புக்கு ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இறங்கும்போதுதான். ஜனவரியில் ஊட்டியில் இரவு முழுக்கக் காரில் கிடந்த பை, காலையில் மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகிறது என்று வையுங்கள். சுமார் 2240 மீட்டரிலிருந்து 330 மீட்டருக்கு. கீழே 30 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் இருந்தால், 21 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பொருள்மேலும் நீர் கோக்கும். பையைத் திறக்காமலே ஒன்றிரண்டு மணி நேரம் விட்டு, லேப்டாப் அறைச்சூட்டுக்கு வந்த பிறகு எடுத்து ஆன் செய்யுங்கள். வீட்டுக்குள்ளேயும் இதே கதைதான். உறைபனி இரவில் ஜன்னலோரம் கிடந்ததைக் காலையில் வெந்நீர் கொதிக்கும் அடுக்களைக்குக் கொண்டுவந்து திறக்காதீர்கள்.

அப்புறம் அந்தச் சுர்ர். சார்ஜரின் உள்ளே மின்காந்த இரைச்சலை வடிகட்டும் சிறு மின்தேக்கிகள் உண்டு. அவற்றின் வழியே கசியும் மிகச் சிறிய மின்சாரம் எர்த் கம்பி வழியாக இறங்கிவிட வேண்டும். எர்த் இல்லையென்றால் உலோக உடலில் நின்று, உங்கள் விரல் வழியே இறங்கப் பார்க்கும். ஒரு மில்லி ஆம்பியரிலும் குறைவுதான், உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் உங்கள் சார்ஜருக்கு எர்த் வந்து சேரவில்லை என்பதற்கு அது சாட்சி. சார்ஜர் பிளக்கில் மூன்று கால் இருந்தும் இரண்டு கால் கன்வெர்ட்டரில் மாட்டியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் சோதிக்கச் சொல்லுங்கள். டெஸ்டரை எர்த் ஓட்டையில் வைத்து, லைட் எரியவில்லை, நல்லாயிருக்கு என்று சொல்லிப் போகிறவரை நம்ப வேண்டாம், கம்பியே இல்லாத ஓட்டையிலும் டெஸ்டர் எரியாது. ஈரக்கையோடு கெய்சரைத் தொடும் வீட்டில் எர்த் லேப்டாப்புக்காக மட்டும் இல்லை. அவர் வந்த கையோடு, மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லிவிடுங்கள். சுர்ரென்பதைத் தாண்டிப் பளீரென்று அடித்தால் அது வேறு, அந்தச் சார்ஜரைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

ஸ்டெபிலைசர் வாங்கட்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். சார்ஜரில் சின்ன எழுத்தில் '100–240 வோல்ட்' என்று போட்டிருக்கும், ஏற்ற இறக்கத்தை அதுவே சமாளித்துக்கொள்ளும். அதற்குத் தாங்காதது இடியும், மரம் விழுந்து போன கரண்ட் திரும்பும்போது வரும் அதிர்வும்தான். இடி தொடங்கியதும் சார்ஜரையும், ரவுட்டரிலிருந்து வரும் கேபிளையும் கழற்றிவிட்டு பேட்டரியில் வகுப்பை முடியுங்கள்.

புதுப் பேட்டரி போட்டதும் கம்பெனியின் செயலியில் 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும் வசதி இருக்கிறதா என்று பார்த்து அதைப் போட்டுவிடுங்கள். பழையதைக் குப்பையில் போடாமல் கடையிலேயே ஒப்படையுங்கள். பேரக்குழந்தையைப் பார்க்க மறுபடி சென்னை போவீர்கள்தானே? அப்போது பேட்டரியைப் பாதி அளவில் வைத்து, ஸ்லீப்பில் விடாமல் முழுக்க ஷட் டவுன் செய்து, நன்றாக மூடும் டப்பாவில் நாலைந்து சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நிறம் மாறும் வகையாக வாங்கினால் ஈரம் குடித்துவிட்டது கண்ணுக்கே தெரியும், சூடுபடுத்தித் திரும்பப் பயன்படுத்தலாம். வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில்தான் இருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சார்ஜர் செருகி அரை மணி நேரம் ஓடவிட்டு, திரையின் கீழ்மூலையில் இருக்கும் பவர் குறியில் ஷட் டவுன் கொடுத்து, சார்ஜரைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். பாஸ்வேர்டு கேட்டால் கொடுக்க வேண்டாம், அந்தத் திரை வரைக்கும் வந்து நின்றாலே உள்ளே கொஞ்சம் சூடு ஏறும்.