எழுத்தே இல்லாத படப்புத்தகத்தைக் குழந்தைக்கு எப்படிப் படித்துக் காட்டுவது?

மூன்று வயது மகனுக்குப் பரிசாக வந்த புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை, வெறும் படம்தான், இதை வைத்து என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் முதலில் இதே குழப்பம்தான்.

எங்கள் வீட்டுக்கு வந்தது ஜெரி பிங்க்னி வரைந்த சிங்கமும் எலியும் கதை. 2009இல் வெளியாகி, அடுத்த ஆண்டே, சிறந்த குழந்தைப் படப்புத்தகத்துக்காக அமெரிக்காவில் தரப்படும் கால்டிகாட் பதக்கம் பெற்ற புத்தகம். உறுமல், கீச்சொலி என்று சில சத்தங்கள் மட்டும் எழுதியிருக்கும். முன்னட்டையில் தலைப்புகூடக் கிடையாது, சிங்கத்தின் முகம்தான் அட்டை முழுக்க.

தெரிந்த கதைதானே என்று முதல் நாள் நானே மளமளவென்று சொல்லிப் புரட்டினேன். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. என் மகள் விடவில்லை. முன்னட்டைக்குத் திருப்பி, சிங்கத்தின் கண்மேல் விரலை வைத்து, "இது எங்கே பார்க்குதும்மா?" என்றாள். அப்போதுதான் கவனித்தேன், சிங்கம் ஓரக்கண்ணால் பக்கவாட்டில் பார்க்கிறது. அட்டையை முழுதாக விரித்தால் பின்பக்கத்தில் எலி! அவள் கேட்டிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

அன்றோடு நான் கதை சொல்வதை நிறுத்திவிட்டேன். பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருப்பேன். அவள் பேசாவிட்டால், "இங்கே என்ன நடக்குது?" என்று ஒரு கேள்வி, அவ்வளவுதான். "இது என்ன, அது என்ன நிறம்" என்று கேட்டுக்கொண்டே போனால் அது பரீட்சை ஆகிவிடும். "எலி ஓடுது" என்றால், "ஆமா, குட்டிகளைப் பார்க்க ஓடுதோ?" என்று கொஞ்சம் நீட்டிவிடுவேன். அதில் புதுச் சொற்களும் தானாகச் சேரும்.

தப்பாகச் சொன்னால் திருத்த வேண்டாம். வலையில் மாட்டிய சிங்கத்தைப் பார்த்து, "ஊஞ்சல் ஆடுது" என்றாள். சரி என்று விட்டுவிட்டேன். நாலைந்து நாள் கழித்து அதே பக்கத்தில் நின்று, சிங்கத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாக, "ஊஞ்சல் இல்லம்மா, அதுக்கு அழுகை வருது" என்றாள். எழுத்து தெரியாத குழந்தை, முகத்தைப் பார்த்துத் தன் கதையைத் தானே திருத்திக்கொண்டது! இதை வாசிப்பு என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

இன்னொன்று, எழுத்தில்லாத புத்தகத்தை எந்த மொழிக்காரரும் எடுத்துச் சொல்லலாம், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் சொல்லலாம். அகதிகள் வந்து இறங்கும் இத்தாலியின் லாம்பதூசா தீவில் அந்த ஊர்க் குழந்தைகளுக்கும் வந்து சேர்ந்த குழந்தைகளுக்குமாக, 2012இல் சர்வதேச இளையோர் நூல் வாரியம் பல நாடுகளிலிருந்து திரட்டத் தொடங்கியதும் இப்படிப்பட்ட புத்தகங்களைத்தான்.

அடுத்து வாங்கும்போது, பக்கத்துக்கு ஓரிரு உருவங்கள் மட்டும் இருப்பதாகப் பாருங்கள். கூட்டமான படங்கள் நான்கைந்து வயதில் நன்றாகப் பிடிக்கும். வந்திருக்கும் புத்தகத்தை இன்று ராத்திரியே எடுங்கள். அட்டையை மகன் கையில் கொடுத்துவிட்டு, அவன் வாய் திறக்கும்வரை நீங்கள் பேசாதீர்கள்.