மலைப்பாதைகளில் ஊர்மக்களை மறுபடி நடக்க வைக்க மாரத்தான் நடத்தலாமா?

குன்னூர் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். ஊரைச் சுற்றியுள்ள ஒற்றையடிப் பாதைகளிலும் சைக்கிள் போகக்கூடிய வழிகளிலும் மக்கள் நடமாட்டம் திரும்ப வேண்டும், அதற்கு மாரத்தான் மாதிரி பெரிதாக ஒன்று வைக்கலாமா என்று. நான் கோத்தகிரியில் தொடக்கப்பள்ளி ஆசிரியை. ஆறு வருடமாக மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்க்காரர்களோடு ஏதாவது ஒரு பழைய வழியில் நடந்துகொண்டிருக்கிறோம். மாரத்தான் வேண்டாம் என்பதுதான் என் பதில். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் தடவை நாங்களும் அப்படித்தான் நடத்தினோம். பனியன், கொடியசைப்பு, ஒலிபெருக்கி எல்லாம் இருந்தது. நூற்றைம்பது பேர் வந்தார்கள். பாதிப்பேர் கோயம்புத்தூர், மேட்டுப்பாளையத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பி வந்தவர்கள். தேயிலைக்கு நடுவே இறங்கும் வழியில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இறங்கியபோது, தலையில் கொழுந்து மூட்டையோடு ஏறி வந்த அக்காமார் செடிகளுக்குள் ஒதுங்கி நின்றார்கள். கூட்டம் கடந்து முடிய இருபது நிமிடம். அவ்வளவு நேரமும் மூட்டை தலையிலேயே இருந்தது. அந்த வழியில் தினமும் நடக்கிறவர்கள் அவர்கள்தான், அவர்களில் ஒருவரைக்கூட நாங்கள் அழைத்திருக்கவில்லை. முந்தின இரவு பெய்த மழையில் மண்படி வழுக்கி, எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கால் பிசகி விழுந்தாள். ரோட்டுக்குத் தூக்கி வர முக்கால் மணி நேரம் ஆனது. அடுத்த ஞாயிறு அதே வழியில் தனியாகப் போய்ப் பார்த்தேன். படிகள் இடிந்து கிடந்தன. முந்தின வாரம் வந்தவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. நிகழ்ச்சி நடந்ததே தவிர, அந்தப் பாதைக்குப் புதிதாக ஒரு ஆள் கிடைக்கவில்லை.

நீலகிரியில் பாதை என்பது பொழுதுபோக்குக்காக உண்டானதல்ல. இந்த மலையின் பழைய சமூகங்களில் கோத்தர்கள் செய்த மண்பானையும் இரும்புக் கருவியும், தொதவர் நெய்யும், படுகர் விளைவித்த தானியமும், குறும்பர் எடுத்த தேனும் ஊர்விட்டு ஊர் போனதெல்லாம் தலைச்சுமையாகத்தான். கோத்தகிரி என்ற பெயரே கோத்தர் தெரு என்ற பொருளில் வந்தது என்பார்கள். 1819இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மேலே வந்தார், அடிவாரத்துச் சிறுமுகையிலிருந்து கோத்தகிரி பக்கத்துத் திம்பட்டிக்கு அவர் போட்ட வழி 1823இல் முடிந்தது என்று நாங்கள் பாடம் நடத்துகிறோம். கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பெத்தகல் பங்களாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுகிறோம். சரிதான். ஆனால் அவர் வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே இந்த மலையில் கால்தடம் இருந்தது. அது எந்தப் பலகையிலும் எழுதப்படவில்லை. இன்றைக்கும் படுகர்கள் கும்பிடும் ஹெத்தையம்மன் பண்டிகை வந்தால், விரதம் இருக்கும் ஹெத்தைக்காரர்கள் வெள்ளை உடுத்திக் குடையும் செங்கோலும் ஏந்தி வெறுங்காலோடு ஊர் ஊராக நடக்கிறார்கள். அம்மன் கோயில் உள்ள பேரகணியில் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எங்கள் மக்களுக்கு நடக்கச் சொல்லித்தர வேண்டிய அவசியமே இல்லை என்று. பஸ்ஸும் டூவீலரும் வந்த பிறகு வழிகளை மறந்துவிட்டோம், அவ்வளவுதான். இரண்டு மூன்று மழைக்காலம் கால் படாமல் விட்டால் உண்ணிச்செடியும் சீகையும் வழியை மூடிவிடும். பிறகு ஒருவர் வேலி போடுவார். கேட்க ஆள் இருக்காது.

அதனால் இப்போது நாங்கள் செய்வது, ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாதை. முதலில் அதை நடந்து அறிந்த பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடிப்போம். ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், எண்பதைத் தாண்டிய ஐயா ஒருவர் கைத்தடியோடு எங்களுக்கு முன்னால் இறங்கினார். பாதி வழியில், பார்ப்பதற்கு வெறும் புதராக இருந்த ஓரிடத்தில் நின்றார். "டீச்சர், இங்க ஒரு சுமைதாங்கிக் கல்லு இருக்கணும். எங்கப்பா உருளைக்கிழங்கு மூட்டைய இதுலதான் இறக்கி வெச்சுட்டு மூச்சு வாங்குவாரு" என்றார். பையன்கள் புதரை வெட்டினார்கள். கல் இருந்தது. ஐயா அதைத் தடவிக்கொண்டு சற்று நேரம் பேசாமல் நின்றார். என் பள்ளிப் பிள்ளைகள் அந்த வழியை இப்போது 'தாத்தா கல்லு வழி' என்கிறார்கள். எந்த விளம்பரமும் தராத பலன் அது.

அடுத்தது பாதை வெட்டும் நாள். நடை நாளுக்கு இரண்டு வாரம் முன்னால் பதினைந்து பேர் அரிவாளும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு போவோம். செடி வெட்டுவதைவிட முக்கியம் தண்ணீர். மலைப்பாதையைக் கெடுப்பது காலல்ல, பாதை நீளத்துக்கும் ஓடும் மழைநீர். ஒரு மழை பள்ளம் பறிக்கும், அடுத்த மழை அதை ஓடையாக்கிவிடும், நடக்கிறவர்கள் பக்கவாட்டில் ஒதுங்கிப் புது வழி போடுவார்கள், அதுவும் அரிக்கும். சரிவான இடத்தில் பத்துப் பதினைந்து அடிக்கு ஒன்றாகப் பாதைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு சிறு வாய்க்கால் வெட்டி, கீழ்ப்பக்கம் கல் பதித்தால் தண்ணீர் பள்ளத்துப் பக்கம் இறங்கிவிடும். இதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற தோட்ட மேஸ்திரி ஒருவர். அன்றைக்கு வேலை செய்த யாரும் அந்தப் பாதையை அதன்பிறகு கைவிட்டதில்லை. ஒரு வருடத்துக்கு ஒரே ஒரு நிகழ்ச்சிதான் நடத்த முடியும் என்றால், நடையை விட்டுவிட்டு இந்த நாளை வையுங்கள் என்றுகூடச் சொல்வேன்.

நடை நாளில் இருபது பேருக்கு மேல் ஒரு குழுவாக விடுவதில்லை. அதிகம் வந்தால் இரண்டாகப் பிரித்து அரை மணி இடைவெளி. முன்னால் ஒரு உள்ளூர்க்காரர், கடைசியில் ஒரு உள்ளூர்க்காரர். போகும்போது பஸ், திரும்பும்போது நடை, அல்லது மாற்றி. இப்படி வைத்தால் முழங்கால் வலிக்காரர்களும் வருவார்கள். அடிபட்டவரைத் தூக்க இரண்டு மூங்கிலும் ஒரு கெட்டிப் போர்வையும் கட்டாயம். முடிகிற இடத்தில் பால் சேர்க்காத வரட்டீயும் வர்க்கியும். டம்ளரை அவரவர் கொண்டுவர வேண்டும். மாவட்டத்தில் தடை இருந்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் வைத்துக் கொண்டுவருகிறவர்கள் உண்டு, கிளம்பும் முன்பே வாங்கி வைத்துவிடுவோம்.

அனுமதி விஷயத்தில் அலட்சியம் கூடாது. பாதை யாருடையது என்று முதலில் தெரிய வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தையும், ஒவ்வொரு நிலத்தின் அளவையும் காட்டும் புலப்படத்தையும் பார்த்தால், நீங்கள் நடக்க நினைக்கும் வழி பாதைப் புறம்போக்காகக் குறித்திருக்கிறதா, பட்டா நிலத்துக்குள் போகிறதா என்பது தெரிந்துவிடும். எஸ்டேட்டுக்குள் போனால் மேனேஜரிடம் எழுதிக்கொடுங்கள். அதோடு நிற்காமல், கொழுந்து பறிக்கிறவர்களிடமும் எந்த நேரம் தொந்தரவு இருக்காது என்று கேளுங்கள். காப்புக்காடு என்றால் வனச்சரகர் அலுவலகம்தான், வேறு பேச்சில்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்ததை நாம் மறக்கவே கூடாது. அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 வழித்தடங்களை அரசே திறந்தது. வழிகாட்டியோடு, முன்பதிவு செய்து போக வேண்டும். கோத்தகிரியை ஒட்டிய எங்கள் லாங்வுட் சோலைக்காடும் அதில் ஒன்று. 116 ஹெக்டேர்தான், ஆனால் சுற்றியுள்ள ஊர்களுக்குத் தண்ணீர் தருவது அந்தச் சோலை. ஐம்பது பேர் கூச்சலோடு அதற்குள் நுழைவதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

காலம்: பிப்ரவரி பாதியிலிருந்து கோடை மழை பிடிக்கும் வரை தீ பயம், காட்டோரம் எதுவும் வைக்காதீர்கள். ஏப்ரல், மே சீசன் நெரிசல். கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் ஆபத்து. 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்தவர்கள் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை சரிவுகளில் கூட்டம் கூட்ட மாட்டார்கள். மிச்சம் ஜனவரியும், ஆகஸ்ட், செப்டம்பரில் மழை விடும் நாட்களும். காலை ஏழரைக்கு முன் கிளம்ப மாட்டோம், நாலு மணிக்குள் ரோட்டுக்கு வந்துவிடுவோம். தேயிலைக்குள் கரடியும் காட்டுமாடும் நடமாடுவது அதிகாலையிலும் அந்தியிலும்தான். காட்டுமாடு வழியில் நின்றால் நின்றுவிடுங்கள், அது போகட்டும். படம் எடுக்க ஒரு அடிகூட முன்னால் போகக் கூடாது என்று பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுவோம்.

சைக்கிள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். டிசம்பரில் கியர் சைக்கிள்களில் நூறு பேர் நம் மலைச் சாலைகளைக் கடந்து போவதைப் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. 2008இல் தொடங்கிய 'டூர் ஆஃப் நீல்கிரிஸ்' வந்தால் என் வகுப்பே ரோட்டோரம் கைதட்டும். ஆனால் நம் பிள்ளைகளிடம் இருப்பது பிளஸ் ஒன்னில் அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிள். கியர் கிடையாது. இறக்கத்தில் பயம், ஏற்றத்தில் தள்ள வேண்டும். பல வீடுகளில் அது தாழ்வாரத்தில் துருப்பிடித்து நிற்கிறது. எனவே சைக்கிள் நாள் வைப்பதென்றால் காலை முழுவதும் பழுது பார்க்கும் வேலை வையுங்கள். சைக்கிள் கடைக்காரர் ஒருவரை உட்காரவைத்து பிரேக் கட்டை மாற்றி, கம்பி இறுக்கி, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். பின் பிரேக்கை மட்டும் நீளமாகப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடேறிக் கட்டை தேய்ந்துவிடும், இரண்டையும் விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும், செங்குத்தான வளைவில் இறங்கித் தள்ளுவது தவறே இல்லை என்று சொல்லிக்கொடுங்கள். பிறகு வண்டி அதிகம் போகாத, ஓரளவு சமமான ஊர்ச்சாலையில் நாலைந்து கிலோமீட்டர் போதும். போட்டி, நேரக்கணக்கு வேண்டாம். இறக்கத்தில் போட்டி வைக்கவே கூடாது. எங்கள் முதல் பழுது நாளில் முப்பத்தொரு சைக்கிள் வந்தது, அதில் பாதி பெண் பிள்ளைகளுடையது. அவர்களில் நாலு பேர் இப்போது பள்ளிக்குச் சைக்கிளில்தான் வருகிறார்கள். எண்ணிக்கை சின்னதுதான், ஆனால் அந்த நாலு பேரைக் காலையில் பார்க்கும்போது எனக்கு வரும் சந்தோஷத்தை இங்கே எழுத முடியாது.

விளம்பரத்தை வெளியூருக்குக் கொண்டுபோகாதீர்கள். கோத்தகிரி பக்கத்துக் கரிக்கையூரில் பொறிவரை என்ற பாறையில் பழங்கால மனிதர்கள் வரைந்த பாறை ஓவியங்களின் மேல், பார்க்க வந்தவர்கள் தங்கள் பெயரைக் கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு இடம் பெயர் பெறுவதற்குள் அதைக் காக்கிற ஊர்க்காரர்கள் தயாராக இருக்க வேண்டும். நாங்கள் நோட்டீஸ் ஒட்டுவது கோத்தகிரி ஜான்ஸ்டன் சதுக்கத்தில் ஒன்று, ரேஷன் கடையில் ஒன்று, கொழுந்து எடை போடும் கொட்டகைகளில் ஒவ்வொன்று. பாதை எங்கே தொடங்குகிறது என்ற வரைபடத்தை இணையத்தில் போடுவதில்லை. வெளியூர் நண்பர்கள் வரலாம், ஆனால் உள்ளூரில் ஒருவரோடு வர வேண்டும்.

ஆகஸ்டில் தொடங்குவதாக இருந்தால் கிராம வரைபடத்துக்கு இந்த மாதமே எழுதிக்கொடுத்துவிடுங்கள், எங்களுக்கு அது கைக்கு வர இரண்டு மாதம் ஆனது. அதுவரை உங்கள் ஊர்ப் பெரியவர்களில் யாருக்கு எந்த வழி தெரியும் என்று வீடு வீடாகக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பாதை வெட்டும் நாளை முடிவு செய்ததும் சொல்லுங்கள், எங்கள் மேஸ்திரி ஐயாவைக் கூட்டிக்கொண்டு நானும் வருகிறேன்.