கண் ஒட்டிய குட்டிகளும் நாய்க்கு வாங்கிய பவுடரும்

கேள்வி: எங்கள் வீட்டு மோட்டார் ரூமில் ஒரு தெருப் பூனை மூன்று குட்டிகள் போட்டிருந்தது. போன வாரம் தாய்ப்பூனை ரோட்டில் அடிபட்டுச் செத்துவிட்டது. குட்டிகளை அட்டைப் பெட்டியில் வைத்து வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன். பிறந்து ஒரு மாதம் இருக்கும். உடம்பெல்லாம் தெள்ளுப்பூச்சி ஓடுகிறது. மூன்றுக்குமே கண்ணில் பீளை. ஒன்றுக்கு இரண்டு கண்ணும் ஒட்டியே போய்விட்டது. பக்கத்து வீட்டில் நாய்க்கு வாங்கிய தெள்ளுப் பவுடர் கொடுத்தார்கள். மாமியார் நந்தியாவட்டைச் சாறு விடச் சொல்கிறார். மெடிக்கலில் ஒரு கண் சொட்டு மருந்து தந்திருக்கிறார்கள். எதை முதலில் செய்வது? இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் பெட்டியை விட்டு நகர மாட்டேன் என்கிறாள். அவளுக்கு ஏதாவது தொற்றுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: சகோதரி, கண் ஒட்டிய குட்டியை உடனே டாக்டரிடம் காட்டச் சொல்லி, கடிதம் கிடைத்த அன்றைக்கே உங்களுக்குத் தகவல் அனுப்பியிருந்தேன். இதே நிலையில் தவிக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அந்தப் பவுடரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நாய்க்கான தெள்ளு, உண்ணி மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் அல்லது அதே இனத்தைச் சேர்ந்த வேறு மருந்து இருக்கும். நாயின் ஈரல் அதைச் சிதைத்து வெளியேற்றிவிடும். பூனையின் ஈரலுக்கு அதற்கான நொதி போதிய அளவில் கிடையாது. மருந்து உடம்பிலேயே தங்கி நடுக்கமும் வலிப்பும் வரும், உயிரும் போகலாம். மாட்டு உண்ணிக்குத் தண்ணீரில் கலந்து தெளிக்கும் டெல்டாமெத்ரினும் இதே வகைதான். வேப்பெண்ணெய், கற்பூரம், அந்துருண்டை, டெட்டால் இவையும் வேண்டாம். பூனை தன் உடம்பை நக்கி நக்கியே சுத்தம் செய்யும். மேலே பூசியதெல்லாம் வயிற்றுக்குள்தான் போகும். ஆசையோடு தூக்கிவந்து, நல்லது என்று நம்பிப் பூசிய மருந்தால் குட்டி செத்துப்போய், அழுதுகொண்டு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்கிறேன்.

சரி, எதை முதலில் செய்வது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் சூடு. தாய் இல்லாத சின்னக் குட்டி சீக்கிரம் குளிர்ந்துபோகும். காதும் பாதமும் சில்லென்று இருந்து, வாய்க்குள் விரல் வைத்தால் அங்கும் குளிர்ச்சி தெரிந்தால், அந்தக் குட்டிக்குப் பால் புகட்டவே கூடாது. குளிர்ந்த உடம்பில் குடல் வேலை செய்யாது. புகட்டியது நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்தும் உண்டு. வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் வையுங்கள். மறுபக்கம் காலியாக இருக்கட்டும், சூடு அதிகமானால் குட்டி தானே நகர்ந்துகொள்ளும்.

அடுத்து தெள்ளு. அரிப்புதானே, மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். 400 கிராம் எடையுள்ள குட்டியின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தமே ஏறக்குறைய 25 மில்லிதான். ஐந்து தேக்கரண்டி! எழுபது சொச்சம் பெண் தெள்ளுகள் சேர்ந்தால் ஒரே நாளில் 1 மில்லி ரத்தத்தைக் குடித்துவிடும். நாலைந்து நாள் இப்படியே போனால் குட்டி சோகை பிடித்துத் துவண்டு விழும். மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் பயமில்லை. வெளுத்துப்போயிருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும், மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

வீட்டில் செய்யக்கூடிய நல்ல வைத்தியம் பேன் சீப்புதான். ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு, கழுத்து, வாலடி, வயிறு என்று பொறுமையாகச் சீவுங்கள். சீப்பில் வரும் தெள்ளை உடனே தண்ணீரில் முக்குங்கள். நசுக்கப் பார்த்தால் துள்ளி ஓடிவிடும். கூடவே கறுப்புத் தூளும் வரும். அதை ஈரமான வெள்ளைத் துணியில் வைத்துப் பாருங்கள், செம்பழுப்பாகக் கரையும். அது தெள்ளின் கழிவு, அதாவது குட்டியின் ரத்தம். தினமும் இரண்டு வேளை சீவினாலே எண்ணிக்கை நன்றாகக் குறைந்துவிடும்.

நன்றாகச் சாப்பிட்டு ஓடியாடும் குட்டி என்றால் ஒரு தடவை குளிப்பாட்டலாம். வெதுவெதுப்பான தண்ணீரும் குழந்தைகள் ஷாம்பூவும் போதும். முதலில் கழுத்தைச் சுற்றி நுரை போட்டுவிடுங்கள். இல்லையென்றால் தண்ணீர் பட்டதும் தெள்ளெல்லாம் முகத்துக்கும் காதுக்கும் ஏறிவிடும். தலையை நனைக்க வேண்டாம். சட்டென்று முடித்து, துண்டால் ஒற்றி, ஈரம் துளியும் இல்லாமல் காயவைக்க வேண்டும். சோர்ந்து கிடக்கும் குட்டிக்குக் குளியலே கூடாது, சீப்பு மட்டும்தான்.

மருந்தே இல்லையா என்றால், இருக்கிறது. ஃபிப்ரோனில் ஸ்பிரேயை மிகச் சின்னக் குட்டிக்கும் டாக்டர் அளவு பார்த்துப் போடுவார். ஆனால் பிடரியில் விடும் சொட்டு மருந்துகள் பலவற்றுக்குக் குட்டிக்கு 8 வாரம் ஆகியிருக்க வேண்டும். குட்டியை நிறுத்துப் பார்க்காமல் யார் மருந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

குட்டியின் மேல் ஓடும் தெள்ளு மொத்தக் கூட்டத்தில் கொஞ்சம்தான். முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் பாயிலும் மூலையிலும் தரை வெடிப்பிலும் கிடக்கும். பெட்டியில் போட்ட துணியைத் தினமும் மாற்றி வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போடுங்கள். மோட்டார் ரூமையும் மூலைமுடுக்கு விடாமல் கூட்டித் தள்ளுங்கள். தெள்ளை விழுங்கும் குட்டிக்கு நாடாப்புழுவும் வரும். வாலடியில் அரிசி மணி போல வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இப்போது கண். எனக்கு அதிகக் கவலை இதில்தான், ஏனென்றால் கண்ணுக்கு அவகாசம் குறைவு. தெருக்குட்டிகளின் கண் நோய்க்குப் பெரும்பாலும் பூனைகளுக்கு வரும் ஹெர்பிஸ் வைரஸ் காரணமாக இருக்கும். கிளமிடியா என்ற பாக்டீரியாவும் காரணமாகலாம். சளி, தும்மலோடு சேர்ந்தே வரும். வைரஸ் வந்து பலவீனமான கண்ணில் மற்றக் கிருமிகளும் புகுந்து சீழ் வைக்கும். இமை ஒட்டிக்கொண்டால் அந்தச் சீழ் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தேங்கி, கருவிழியை அரித்துவிடும்.

ஒட்டிய இமையை விரலால் பிய்க்காதீர்கள். கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரை இளஞ்சூட்டில் எடுத்து, பஞ்சை நனைத்து, கண்மேல் சில நிமிடங்கள் அப்படியே வைத்திருங்கள். பொருக்கு ஊறி இளகும். அப்புறம் மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் துடையுங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் புதுப் பஞ்சு. ஒரு குட்டியை முடித்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். பீளை கட்டக் கட்ட, ஒரு நாளில் மூன்று நான்கு தடவையாவது இதைச் செய்ய வேண்டியிருக்கும். ஊறவைத்தும் இமை பிரியவில்லை என்றால் டாக்டர் பிரிப்பார், நீங்கள் வற்புறுத்த வேண்டாம்.

மாமியார் அக்கறையோடுதான் சொல்லியிருக்கிறார். அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். நந்தியாவட்டையின் காம்பில் பால் வடியும், இதழில் தூசும் இருக்கும். புண்பட்ட கருவிழியில் அது படக் கூடாது. தாய்ப்பால், தேன், மஞ்சள் தண்ணீர், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம்.

மெடிக்கலில் தந்த சொட்டு மருந்தின் அட்டையைப் படித்துப் பாருங்கள். டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று ஏதாவது இருந்தால் அதைக் கண்ணில் விடாதீர்கள். இவை ஸ்டீராய்டுகள். விட்டதும் சிவப்பு குறையும், மருந்து கேட்கிறது என்று தோன்றும். கருவிழியில் புண் இருந்தால் அது அடியில் ஆழமாகிக்கொண்டே போய், கடைசியில் கண்ணே உடைந்துவிடலாம். டாக்டர் ஃப்ளூரோசீன் என்ற சாயத்தைக் கண்ணில் விட்டு, புண் இருக்கிறதா என்று பார்ப்பார். அதைப் பார்த்த பிறகே எந்த மருந்து என்று முடிவு செய்ய முடியும். கருவிழி வெள்ளையாகவோ நீலம் பாய்ந்தோ தெரிந்தாலும், கண் துருத்திக்கொண்டு வந்தாலும், குட்டி கண்ணைத் திறக்காமல் இடுக்கிக்கொண்டே இருந்தாலும் ஒரு வேளைகூடத் தள்ளிப்போடாதீர்கள். ஒருவேளை அந்தக் குட்டிக்கு ஒரு கண் போனாலும் மனம் உடைந்துவிடாதீர்கள். ஒற்றைக் கண்ணோடு ஏறி இறங்கி, எலி பிடித்து, நன்றாக வாழும் பூனைகள் நிறைய உண்டு.

உங்கள் ஊர் அரசு கால்நடை மருத்துவமனையில் முதலில் காட்டுங்கள். அங்கே கண் பரிசோதனைக்கு வசதி இல்லை என்றால், தஞ்சாவூர் பஸ் ஏறி ஒரத்தநாட்டில் இறங்குங்கள். அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மூன்று குட்டிகளையும் சேர்த்தே கொண்டுபோங்கள். ஒன்றுக்கு வைத்தியம் செய்துவிட்டு மற்றதை விட்டால் நோய் சுற்றிச் சுற்றி வரும். குடற்புழு மருந்தையும் அன்றைக்கே கேளுங்கள். குட்டிக்குக் காய்ச்சல் என்று வீட்டில் இருக்கும் பாரசிட்டமாலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம்.

சாப்பாட்டில் ஒரு விஷயம். மூக்கு அடைத்த குட்டிக்கு வாசனை தெரியாது. வாசனை தெரியாத பூனை சாப்பிடாது. அடம் பிடிக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். மூக்கைத் துடைத்துவிட்டு, சாப்பாட்டை இளஞ்சூடாக்கி வையுங்கள். மாட்டுப்பால் பெரும்பாலும் பேதியில் கொண்டுபோய் விடும். பூனைக்குட்டிகளுக்கென்று பால் பவுடர் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். ஒரு மாதக் குட்டி என்பதால், குட்டிகளுக்கான உணவை அந்தப் பாலில் குழைத்தும் தரலாம். வேகவைத்த கோழியை முள்ளும் எலும்பும் இல்லாமல் மசித்துக் கொடுக்கலாம், உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேராமல். பால் புகட்டும்போது கைக்குழந்தை போல மல்லாக்கப் போடாதீர்கள், குப்புற இருக்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். சமையலறைத் தராசில் தினமும் நிறுத்து எழுதிவையுங்கள். நாளுக்கு 10 கிராமாவது கூட வேண்டும். எடை குறைந்தால் அதுவே முதல் எச்சரிக்கை.

உங்கள் மகள் விஷயம். பூனை ஹெர்பிஸ் மனிதர்களுக்கு வராது. கிளமிடியா அபூர்வமாகத் தொற்றலாம், கை கழுவினால் போதும். குட்டியின் உடம்பில் வட்டமாக முடி உதிர்ந்திருந்தால் படர்தாமரையாக இருக்கலாம், அது குழந்தைக்குச் சுலபமாக ஒட்டும். நான் கண்டிப்பாகச் சொல்ல விரும்புவது வெறிநோய் பற்றி. தடுப்பூசி போடாத தெருக்குட்டி பல் பதியக் கடித்தாலோ ரத்தம் வரக் கீறினாலோ, சின்னக் குட்டிதானே என்று விட்டுவிடக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுவிடுங்கள், அங்கே இலவசம்தான். கண் ஆறும்வரை அவள் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும், எடையை எழுதும் வேலையை அவளிடமே கொடுங்கள்.

கண் தெளிந்து, 8 வாரம் ஆகும்வரை மூன்றையும் பிரிக்க வேண்டாம். தடுப்பூசி எப்போது தொடங்குவது என்று டாக்டர் சொல்வார். வெளியில் கொடுப்பதாக இருந்தால் இரண்டை ஒரே வீட்டில் சேர்த்துக் கொடுங்கள். பெட்டைக் குட்டி இருந்தால், கருத்தடை செய்வதாக ஒப்புக்கொள்பவர்களிடம் மட்டும் கொடுங்கள். நாலைந்து மாதத்திலேயே சினை பிடித்துவிடும்.