எந்த 'டீப் ரெட்'டை வாங்குவது? வாசகர் கேள்வி பதில்

பழைய இத்தாலியத் திகில் படங்களின் வெளிநாட்டு டிஸ்க்குகள் பற்றி நிறையக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. இந்த முறை முழுக்க அவைதான்.

டாரியோ அர்ஜென்டோவின் 'டீப் ரெட்' தேடினேன். ஒரு பதிப்பில் 105 நிமிடம் என்று இருக்கிறது, இன்னொன்றில் 127. எது அசல்?
– கோவை வாசகர்

1975இல் இத்தாலியில் வெளியானது நீளமான படம்தான். 105 நிமிடம் ஓடுவது வெளிநாடுகளில் விற்பதற்காகச் சுருக்கிய ஆங்கில வடிவம். இருபது நிமிடத்துக்கு மேல் போயிருக்கிறது, போனது ரத்தம் மட்டும் என்று நினைக்காதீர்கள். பியானோ வாசிப்பவராக வரும் டேவிட் ஹெம்மிங்ஸும் பத்திரிகை நிருபராக வரும் டாரியா நிகோலோடியும் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டே துப்பறிகிற காட்சிகள்தான் அதில் அதிகம் அடிபட்டன. எனக்கு இந்தப் படமே அந்த இருவருக்காகத்தான். குட்டை வடிவத்தில் நிகோலோடி வந்த சுவடே தெரியாமல் போய்விடுகிறார்.

ஒன்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். வெட்டிய பகுதிகளுக்கு ஆங்கில டப்பிங் கிடையாது. அதனால் நீளமான வடிவத்தை ஆங்கில ஒலியில் போட்டால், ஹெம்மிங்ஸ் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே வந்து சட்டென்று வேறொருவர் குரலில் இத்தாலியில் பேச ஆரம்பிப்பார், கீழே சப்டைட்டில் ஓடும், கொஞ்ச நேரத்தில் திரும்பவும் ஆங்கிலம். டிஸ்க்கில் கோளாறு என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிட வேண்டாம். பிரிட்டனின் டிஸ்க் நிறுவனமான ஆரோ வீடியோ 2021இல் போட்ட 4கே பெட்டியில் இரண்டு வடிவமும் தனித்தனியாக இருக்கின்றன.

இத்தாலியப் படத்தை இத்தாலிய ஒலியில் பார்ப்பதுதானே முறை?
– மதுரை வாசகர்

அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. அந்தக் காலத்து இத்தாலியப் படங்களில் படப்பிடிப்புத் தளத்து ஒலியை யாரும் நம்பி இருக்கவில்லை. நடிகர்கள் அவரவருக்கு வந்த மொழியில் பேசுவார்கள், எல்லாம் பிறகு டப்பிங் தியேட்டரில் போட்டது. நம் சினிமாவிலும் வெகுகாலம் அதுதானே நடைமுறை. ஆக இத்தாலிய ஒலியும் டப்பிங், ஆங்கில ஒலியும் டப்பிங். கதாநாயகியின் சொந்தக் குரல் எதில் இருக்கிறது என்று பாருங்கள். அர்ஜென்டோவின் இன்னொரு படமான 'சஸ்பிரியா'வில் கதாநாயகி ஜெசிகா ஹார்ப்பரின் குரல் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, நான் அதையே போடுவேன்.

சப்டைட்டிலையும் கவனிக்க வேண்டும். சில பழைய டிவிடிகளில் ஆங்கில டப்பிங் வசனத்தையே அப்படியே சப்டைட்டிலாக அடித்துவிட்டிருப்பார்கள். இத்தாலிய ஒலியோடு அதைப் போட்டால் காதில் ஒன்று கண்ணில் ஒன்று. இத்தாலிய வசனத்திலிருந்து புதிதாக மொழிபெயர்த்த சப்டைட்டில் என்று குறிப்பிட்டிருக்கிற பதிப்பாகத் தேடுங்கள்.

'சஸ்பிரியா' பழைய டிவிடி வைத்திருக்கிறேன். புதிதாக ஒன்று வாங்குவது வீண் செலவா?
– திருச்சி வாசகர்

இல்லவே இல்லை. நான் யாருக்கும் தயங்காமல் சொல்லுகிற ஒரே செலவு இது. 1977இல் இந்தப் படத்தின் பிரின்ட்டுகளை டெக்னிகலர் சாய முறையில் எடுத்தார்கள். மூன்று சாயங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படச்சுருளில் ஏற்றுகிற, அப்போதே வழக்கொழிந்துகொண்டிருந்த முறை. அந்தச் சிவப்பும் நீலமும் அப்படி வந்தவை. பிறகு வந்த வீடியோ பதிப்புகள் சிலவற்றில் வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்டையும் ஏற்றிவிட்டு, முகங்களை வெளுக்கடித்து வைத்திருந்தார்கள். அமெரிக்காவின் சினாப்ஸ் நிறுவனம் அசல் நெகட்டிவிலிருந்து பல வருடம் உழைத்து, ஒளிப்பதிவாளர் லூச்சியானோ தோவோலியையே கூட வைத்துக்கொண்டு நிறத்தைச் சரிசெய்தது.

ஒலியும் அப்படித்தான். 1977இன் நான்கு தடங்கள் கொண்ட ஆங்கில ஒலி அந்தப் பதிப்பில் இருக்கிறது. முதல் காட்சியை மட்டும் போட்டுப் பாருங்கள். விமான நிலையத்தில் ஹார்ப்பர் வெளியே நடந்து வருகிறார், முன்னால் தானியங்கிக் கதவு. கதவு திறக்கும்போது மட்டும் வெளியே அடிக்கிற மழையோடு சேர்ந்து காப்ளின் குழுவின் இசை உள்ளே வரும், மூடினால் நின்றுவிடும், திரும்பத் திறந்தால் திரும்ப வரும். கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ காத்திருக்கிறது என்பதை வசனமே இல்லாமல் சொல்லிவிடுகிறார் அர்ஜென்டோ. டிவியின் சின்ன ஸ்பீக்கரை நம்பாமல் ஒரு நல்ல ஹெட்போனாவது மாட்டிக்கொள்ளுங்கள்.

ஜப்பான் விற்பனையாளர் ஒருவரிடம் 'சஸ்பிரியா 2' லேசர்டிஸ்க் இருக்கிறது. இப்படி ஒரு படமே கேள்விப்பட்டதில்லையே?
– சேலம் வாசகர்

நீங்கள் பார்த்த படமாகவே இருக்கலாம், அது 'டீப் ரெட்'. ஜப்பானில் 'சஸ்பிரியா' நன்றாக ஓடியதும், அதற்கு முன்பே எடுத்த படத்துக்கு இந்தப் பெயரை வைத்து 1978இல் வெளியிட்டார்கள். கதைக்கும் கதைக்கும் தொடர்பே இல்லை. அட்டைக்காகவும் அதைச் சுற்றி வரும் காகிதப் பட்டைக்காகவும் வாங்கலாம், படம் பார்ப்பதற்காக வாங்க வேண்டாம். லேசர்டிஸ்க் என்பது டிவிடிக்கு முன்பு வந்த பெரிய வட்டு. அதன் உள்ளே இருக்கும் அலுமினியப் படலம் வருடம் போகப் போக அரித்து, திரையில் வண்ணப் புள்ளிகள் தெறிக்கும். ஓட்டிப் பார்த்த டிஸ்க்தானா என்று விற்பவரிடம் கேட்டுவிட்டுப் பணம் அனுப்புங்கள்.

பிரிட்டனிலிருந்து வரவழைத்த ப்ளூ-ரே இங்கே ஓடவில்லை. ஏன்?
– தஞ்சை வாசகர்

ரீஜன் பிரச்சினை, அதாவது ஒரு பகுதிக்கென்று பூட்டிய டிஸ்க் வேறு பகுதி ப்ளேயரில் ஓடாது. ப்ளூ-ரேயில் அமெரிக்காவும் ஜப்பானும் ஏ, ஐரோப்பா பி, இந்தியா சி. இந்த வகைப் படங்கள் பெரும்பாலும் ஏ அல்லது பி டிஸ்க்காகத்தான் வருகின்றன, ஆகவே எல்லா ரீஜனும் ஓடும் ப்ளேயர் ஒன்று வாங்குவதைத் தவிர வழியில்லை. 4கே டிஸ்க்குக்கு ரீஜன் பூட்டு கிடையாது, ஆனால் அதே பெட்டியில் கூட வருகிற ப்ளூ-ரேக்கு இருக்கலாம். அப்புறம், ஐரோப்பாவின் பழைய 'பால்' (PAL) தொலைக்காட்சி முறை டிவிடிகளில் விநாடிக்கு 24 சட்டக படம் 25ஆக ஓடும். 100 நிமிடப் படம் 96இல் முடிந்துவிடும். நேரம் குறைகிறதே, வெட்டிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

முதன்முதலாக ஒரே ஒரு டிஸ்க் வாங்கப் போகிறேன். எதை வாங்கட்டும்?
– நாகர்கோவில் வாசகி

மாரியோ பாவாவின் 'பிளாக் சப்பாத்', 1963. மூன்று குட்டிக் கதைகள் கொண்ட படம். அமெரிக்காவுக்குப் போனபோது கதைகளின் வரிசையை மாற்றினார்கள், இசையை மாற்றினார்கள். தொலைபேசிக் கதையில் சிறையிலிருந்து தப்பி வந்தவனை ஆவியாக்கி, இரண்டு பெண்களுக்கு நடுவே இருந்த உறவை மறைத்தார்கள். இத்தாலிய வடிவத்தின் கடைசியில் நடிகர் போரிஸ் கார்லாஃப் குதிரையில் பறந்துகொண்டிருக்க, கேமரா பின்னால் வரும். பார்த்தால் பொம்மைக் குதிரை, சுற்றிலும் மரக்கிளையைப் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்கள். அமெரிக்கர்கள் அதையும் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அமெரிக்க வடிவத்தைத் தள்ளிவிட முடியாது, கார்லாஃபின் சொந்தக் குரல் அதில் மட்டும்தான் இருக்கிறது. ஆரோ 2013இல் போட்ட பிரிட்டன் ப்ளூ-ரேயில் இரண்டும் இருக்கின்றன. இப்போது பழைய பிரதியாகத்தான் கிடைக்கும், தேடிப் பிடியுங்கள். இத்தாலிய வடிவத்தை முதலில் பாருங்கள்.